85 டிகிரி காட்டிய உறைபனி இரவு

பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு நாள் காலை ஆறரைக்கு மாமா போன் செய்தார். "மாப்ளே, உன் மிஷின் ராத்திரி ஒண்ணுமே சொல்லலையே, கீழ்ப்பாத்தி பூரா வெள்ளையா கெடக்கு." கோபமில்லாமல் விசாரிக்கிற குரலில்தான் சொன்னார், எனக்கு அதுவே தாங்கவில்லை. ஜனவரியில் ஊன்றிய நீர்ப்போகத்து உருளைக்கிழங்கு அப்போதுதான் முளைத்து இலை விரித்திருந்தது. வெயில் ஏறியதும் இலையெல்லாம் வெந்நீர் ஊற்றியது போலத் துவண்டு, மத்தியானத்துக்குள் கறுத்துவிட்டது என்று அத்தை சொன்னார்.

மாமாவின் நிலம் முத்தோரை பாலாடா பக்கம், ஊட்டியிலிருந்து எமரால்டு போகிற வழியில், இரண்டு சரிவுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில். பனிக்காலத்தில் பள்ளம்தான் முதலில் அடிபடும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது, தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, சரிவில் தண்ணீர் இறங்குவது போல இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடுகிறது. மேட்டில் இருக்கும் வீட்டு வாசலில் 4 டிகிரி இருக்கும்போதே கீழே பாத்தியில் சுழியத்தைத் தொட்டிருக்கும், வீட்டில் படுத்திருப்பவருக்கு அது தெரியாது. தெரிந்தால் எழுந்துபோய் ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிடலாம். தண்ணீர் உறையும்போது விடுகிற வெப்பம் இலையைச் சுழியத்துக்குக் கீழே போகாமல் பிடித்து வைக்கும், ஆனால் வெயில் வந்து பனி கரையும் வரை நிறுத்தாமல் தெளிக்க வேண்டும். எந்த ராத்திரி, எத்தனை மணிக்கு எழுந்திருப்பது என்பதுதான் கேள்வி. அதற்காகத்தான் அந்த மிஷினை வைத்தேன்.

மிஷின் என்றால் ஒரு ராஸ்ப்பெரி பை 3, உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு. அதிலிருந்து பாத்திக்குள் போகும் மூன்று டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார்கள், இன்டர்நெட்டுக்கு ஒரு 4ஜி டாங்கிள், ஒரு சின்ன கேமரா, அத்தை வீட்டில் மணி அடிக்க ஒரு ரிலே. எல்லாம் மோட்டார் ரூமில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள். சராசரி வெப்பநிலை 2 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மணி அடிக்கும், மாமாவுக்கும் கோவையில் இருக்கும் எனக்கும் செய்தி வரும். டிசம்பர் முழுக்க நன்றாக வேலை செய்தது என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மேலே போய் எஸ்டி கார்டை எடுத்து லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். பதிவில் இரண்டு விநோதங்கள் இருந்தன. ஒன்று, 1:17 என்ற நேரம் ஐந்து தடவை திரும்பத் திரும்ப வந்தது. பை 3-இல் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது, மணிக்கு ஒருமுறை, பதினேழாவது நிமிடத்தில், அது நேரத்தை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். திடீரென்று செத்துப் பிழைத்தால், இன்டர்நெட் கிடைக்கும் வரை கடைசியாக எழுதிய நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். ஆக, போர்டு அந்த ராத்திரி ஐந்து முறையாவது செத்துப் பிழைத்திருக்கிறது. இரண்டாவது, நடு சென்சார் உறைபனி இரவில் 85 டிகிரி என்று காட்டியிருந்தது. மற்ற இரண்டும் 0.4, 0.9. மூன்றையும் கூட்டி வகுத்தால் 28.8. என் நிரல் சராசரியைத்தான் பார்த்தது. கோடைக்காலக் கோவை போல இதமாக இருக்கிறது என்று முடிவு செய்து பேசாமல் இருந்துவிட்டது.

சராசரி எடுத்தது என் தவறு, அதை அன்றே மாற்றினேன், மூன்றில் எது குறைவோ அதைப் பார், 60-க்கு மேல் காட்டினால் அதைக் குப்பையில் போட்டுவிட்டு எனக்குத் தனியாகச் சொல் என்று. ஆனால் செத்துப் பிழைப்பதற்குக் காரணம் தெரியவில்லை.

நான் முதலில் சந்தேகப்பட்டது கம்பத்திலிருந்து வரும் கரண்டை. மலையில் யாராக இருந்தாலும் அதைத்தான் சந்தேகப்படுவார்கள். லைனின் கடைசி வீடு, பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டால் பல்பு மங்கும், மழைக்காலத்தில் யூகலிப்டஸ் கிளை விழுந்தால் இரண்டு நாள் இருட்டு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது இந்தப் பக்கமெல்லாம் எப்படிக் கிடந்தது என்று மாமா இன்றும் சொல்வார். ராத்திரி மீட்டர் வைத்துப் பார்த்தால் 230 வர வேண்டிய இடத்தில் 180தான் வந்தது. சரி, இதுதான் என்று ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தேன். ஒன்றும் மாறவில்லை, மாறாது என்பது போர்டுக்கு 5 வோல்ட் கொடுக்கும் அடாப்டரைத் திருப்பிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். 100–240 வோல்ட் என்று அதன் முதுகிலேயே எழுதியிருக்கிறது. 180 வந்தாலும் 120 வந்தாலும் அது 5 வோல்ட்தான் கொடுக்கும். 230 வோல்ட் பக்கம் ஏறி இறங்குவதைத் தாங்கத்தான் அதற்குள் அத்தனை வேலை செய்து வைத்திருக்கிறார்கள். அடாப்டருக்கு இந்தப் பக்கம் அப்படித் தாங்குவதற்கு ஒன்றுமில்லை.

வழியைக் காட்டியது அத்தை. மாட்டுக்குத் தீவனம் எடுக்க தினமும் மோட்டார் ரூமுக்குப் போகிறவர். "தம்பி, அந்த டப்பால செவப்பு லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரியுதே, அப்படித்தான் எரியணுமா? அந்த வெள்ளைக் குச்சி மினுக்கறப்பதான் இது அணையுது" என்றார். வெள்ளைக் குச்சி என்றால் டாங்கிள். நான் இரண்டு மாதமாகக் கோவையில் உட்கார்ந்து பதிவுகளைப் படித்துக் கண்டுபிடிக்காததை அவர் தீவன மூட்டை தூக்கும்போது கண்டுபிடித்துவிட்டார். பை 3-இல் அந்தச் சிவப்பு விளக்கு வெறும் ஆன்-ஆஃப் விளக்கு அல்ல, போர்டுக்கு வரும் மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது அணையும். திரை இணைத்திருந்தால் மூலையில் மின்னல் குறி வரும், நம் டப்பாவுக்குத் திரை இல்லை. போர்டுக்குள் நுழைந்து த்ராட்டில் நிலையை, அதாவது அழுத்தம் குறைந்ததா, வேகம் குறைக்கப்பட்டதா என்பதைக் கேட்டால் ஓர் எண் வரும், எனக்கு வந்தது 50005. கடைசி 5 இப்போதே அழுத்தம் குறைவு, வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்வது, முதல் 5 பூட் ஆனதிலிருந்து எப்போதோ அப்படி நடந்தது என்று சொல்வது. எல்லாம் நலமென்றால் வெறும் சுழியம் வர வேண்டும்.

அப்புறம் மல்டிமீட்டரை எடுத்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். அடாப்டர் முனையில் 5.1 வோல்ட், குறையே இல்லை. போர்டில், வரிசை ஊசிகளில் இரண்டாவதற்கும் ஆறாவதற்கும் நடுவே, அதாவது 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அளந்தேன், 4.6. டாங்கிள் டவரைத் தேடும்போது 4.3-க்கு இறங்கியது. மீட்டர் மெதுவானது, கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கும் இறக்கத்தை அதனால் பிடிக்க முடியாது, நிஜத்தில் இன்னும் கீழே போயிருக்கும். ஒன்றரை மீட்டர் கேபிளுக்குள் முக்கால் வோல்ட் காணாமல் போகிறது.

கேபிளின் தோலில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். பல யூஎஸ்பி கேபிள்களில் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும், முதல் எண் டேட்டா போகும் ஜோடிக்கு, இரண்டாவது கரண்ட் போகும் ஜோடிக்கு. அமெரிக்கக் கேஜ் கணக்கில் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். என் கேபிளில் இரண்டுமே 28. அந்தக் கம்பியின் குறுக்களவு 0.08 சதுர மில்லிமீட்டர்தான், ஒரு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் தடை. ஒன்றரை மீட்டர் போய், ஒன்றரை மீட்டர் திரும்பி வர வேண்டும், ஆக 0.64 ஓம். 0.7 ஆம்பியர் ஓடினால் 0.45 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். டாங்கிளும் கேமராவும் சேர்ந்து இழுத்து 1.2 ஆம்பியர் ஆனால் 0.77. கணக்கு மீட்டரோடு அப்படியே ஒத்துப்போனது, அந்த மகிழ்ச்சியை எழுத்தில் சொல்வது கஷ்டம்.

போர்டு ஏன் திரும்பத் திரும்பச் செத்துப் பிழைத்தது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பள்ளத்தில் சிக்னல் எப்போதும் இழுபறிதான். டவர் சரியாகக் கேட்காவிட்டால் டாங்கிள் இன்னும் சத்தம் போட்டுக் கத்தும், கத்தக் கத்தக் கரண்ட் கூடும், கரண்ட் கூடினால் கேபிளில் இழப்பு கூடும், அழுத்தம் இறங்கி போர்டு சாகும், பிழைத்து எழுந்ததும் முதல் வேலையாக டாங்கிள் மறுபடியும் டவரைத் தேடிக் கத்தும்.

கரண்ட் கம்பிக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் உள்ள கேபிளாக மாற்றினால் இழப்பு பத்தில் ஒரு வோல்ட் அளவுக்கு வந்துவிடும். மாற்றினேன், சிவப்பு விளக்கு அணையவில்லை. பலருக்கு இதோடு பிரச்சினை முடிந்துவிடும். எனக்கு முடியவில்லை, ஏனென்றால் அடாப்டர் நன்றாக இருந்தாலும் கரண்டே போய்விடுகிற இரவு ஒன்று நிச்சயம் வரும், டப்பாவையும் மோட்டார் ரூமிலிருந்து பாத்தி ஓரத்துக் கம்பத்துக்கு, பத்து மீட்டர் தள்ளி நகர்த்த வேண்டியிருந்தது, கேமரா அங்கே இருந்தால்தான் பனி விழுவது தெரியும். பத்து மீட்டருக்கு 5 வோல்ட்டை எந்தக் கேபிளில் கொண்டுபோவது?

இதற்குப் பதில் எங்கள் தலைக்கு மேலேயே போகிறது. 1932-இல் பைக்காராவில் மின்சாரம் எடுத்து மலைக்குக் கீழே கோவை மில்களுக்கு அனுப்பியபோது அழுத்தத்தை ஏற்றித்தான் அனுப்பினார்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் இறக்கிக்கொண்டார்கள். பின்னாளில் கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தில் கனடா உதவியோடு குந்தாவில் கட்டியதும் அதே வழிதான். அதே வாட்டை அதிக அழுத்தத்தில் அனுப்பினால் கரண்ட் குறையும், கம்பியில் போகும் இழப்பு கரண்டின் வர்க்கத்தில் குறையும். பத்து மீட்டர் தோட்டத்துக்கும் அந்தக் கணக்குதான். மோட்டார் ரூமில் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி சீல்டு பேட்டரி ஒன்று, அதை 13.6 வோல்ட்டில் நிரப்பி வைத்திருக்கும் சார்ஜர், அங்கிருந்து டப்பா வரை சாதாரண 1 சதுர மில்லிமீட்டர் ஒயர், டப்பாவுக்குள் 12-ஐ 5 ஆக்கும் ஒரு பக் கன்வர்ட்டர். 6 வாட் இழுத்தால் 12 வோல்ட்டில் அரை ஆம்பியர்தான் ஓடும், பத்து மீட்டரில் போய்வரச் சுமார் 0.2 வோல்ட் போகும், 12-இல் 0.2 போனால் கன்வர்ட்டருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. கரண்ட் போனால் பேட்டரி ஏற்கனவே லைனில்தான் இருக்கிறது, மாறுவதற்கு ஒரு கணம்கூட எடுக்காது. 84 வாட்-மணியில் பாதியை மட்டும் செலவழித்தாலும் 4 வாட் சராசரிக்குப் பத்து மணிநேரம், குளிரில் கொஞ்சம் குறையும், ஒரு ராத்திரிக்குப் போதும்.

நடுவில் பவர் பேங்க் ஒன்றையும் முயன்றேன். போன் சார்ஜ் செய்ய அது அருமையான சாதனம், இதற்கு ஆகாது. பெரும்பாலானவை, சார்ஜ் ஏறுவது நின்று பேட்டரிக்கு மாறும் அந்தக் கணத்தில் வெளியே போகும் 5 வோல்ட்டை ஒரு நொடி துண்டித்துவிடும். போனுக்கு அது தெரியாது, போர்டு ரீபூட் ஆகிவிடும்.

பக் கன்வர்ட்டர் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, ஒரு போர்டைக் கொடுத்துக் கற்றது. அதிலுள்ள சின்னத் திருகைத் திருப்பி 5.1 வோல்ட் வந்துவிட்டதா என்று மீட்டரில் பார்த்த பிறகுதான் போர்டை மாட்ட வேண்டும். வாங்கி வந்த நிலையில் அது எத்தனை வோல்ட் கொடுக்கும் என்று சொல்ல முடியாது. நான் நேராக ஊசிகள் வழியாகக் கொடுத்தேன். மைக்ரோ யூஎஸ்பி வழியாகக் கொடுத்தால் நடுவில் பாலிஃபியூஸ் என்று ஒரு காப்பு இருக்கிறது, ஊசி வழியில் அதுவும் இல்லை. 11 வோல்ட் உள்ளே போனதில் ஒரு வாசனைதான் வந்தது. அதன் பிறகு எப்போதும் யூஎஸ்பி வாய் வழியாகத்தான்.

டாங்கிளின் சுமையைக் குறைக்க அதைத் தனி அடாப்டருள்ள யூஎஸ்பி ஹப்பில் மாட்டினேன். பை 3-இன் நான்கு யூஎஸ்பி வாய்களும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும், ஹார்ட் டிஸ்க்கும் டாங்கிளும் சேர்ந்தால் அது போதாது. ஹப் வைத்த நாளன்று மெயினை அணைத்த பிறகும் போர்டின் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. ஹப் தன் 5 வோல்ட்டை இணைப்புக் கேபிள் வழியாகப் பின்பக்கமாக போர்டுக்கே ஊட்டிக்கொண்டிருந்தது. மலிவான ஹப்கள் பலவற்றில் அதைத் தடுக்கும் உறுப்பு இருக்காது. இப்படி அரை உயிரில் கிடக்கும் போர்டு சரியாக அணைவதும் இல்லை, சரியாக எழுவதும் இல்லை. அந்த இணைப்புக் கேபிளில் சிவப்பு ஒயரை மட்டும் வெட்டிவிட்டேன், டேட்டாவும் கிரவுண்டும் அப்படியே இருக்கட்டும். அதன் பிறகு இரண்டும் தனித்தனி. பிறகு ஹப்பின் அடாப்டரையும் எடுத்துவிட்டு, அதே 12 வோல்ட் லைனில் அதற்கென்று இரண்டாவது பக் கன்வர்ட்டர் போட்டேன், இல்லையென்றால் கரண்ட் போன இரவில் போர்டு விழித்திருக்கும், டாங்கிள் தூங்கிவிடும்.

இனி அந்த 85. சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு வாங்கிவிட்டேன், புதியதும் ஒரு வாரத்தில் 85 என்றது. அப்புறம்தான் அந்தச் சிப்பின் தரவுத்தாளை உட்கார்ந்து படித்தேன். டிஎஸ்18பி20-க்கு மின்சாரம் கிடைத்த கணத்தில், இன்னும் ஒன்றும் அளக்காத நிலையில், அதன் நினைவில் இருக்கும் எண் 85. அளந்து முடிப்பதற்குள் ஒரு கணம் மின்சாரம் விட்டுப்போய் வந்தால் அது அந்த முதல் எண்ணையே சொல்லும். ஆக, எனக்கு இப்போதுதான் கரண்ட் வந்தது என்று சென்சார் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொல்லிக்கொண்டிருந்தது. நடு சென்சாரின் ஒயரை ஓரிடத்தில் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தேன். பிரித்துப் பார்த்தால் செம்பு பச்சை பிடித்துப் பொடிந்திருந்தது. மூடுபனி எந்த டேப்புக்குள்ளும் போகும், ஊட்டியில் வீடு கட்டியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது மூன்று இணைப்புகளையும் ஈயம் வைத்து ஒட்டி, பசையுள்ள ஷ்ரிங்க் குழாய் போட்டு, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டியிருக்கிறேன். டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு, மாதம் ஒருமுறை அத்தை அடுப்பு மேல் வைத்து உலர்த்திப் போடுகிறார்.

எஸ்டி கார்டு பற்றி ஒரே வரி. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெடும், எனக்கு மூன்று கெட்டன. ராஸ்ப்பெரி பையின் அமைப்பு மெனுவிலேயே ஓவர்லே என்று ஒரு வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் கார்டில் எதுவும் எழுதாது, எல்லாம் ரேமில். அப்போது வெப்பநிலைப் பதிவுகளைத் தனியாக ஒரு பென் டிரைவில் எழுதிக்கொள்ள வேண்டும்.

புது போர்டு வைத்திருப்பவர்கள் இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2019-இல் வந்த பை 4-இன் முதல் பதிப்பில் யூஎஸ்பி-சி வாயில் ஒரு ரெசிஸ்டர் குறைவாக வைத்துவிட்டார்கள், அதனால் சில நல்ல லேப்டாப் கேபிள்களை மாட்டினால் சார்ஜர் கரண்டே கொடுக்காது, பிந்தைய பதிப்பில் சரி செய்துவிட்டார்கள். பை 5 கேட்பது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர். 65 வாட் லேப்டாப் சார்ஜர் இருக்கிறதே என்று மாட்டுவார்கள், அதில் பெரும்பாலானவை 5 வோல்ட்டில் 3 ஆம்பியருக்கு மேல் தராது, மிச்ச வாட்டெல்லாம் 9-இலும் 20-இலும் வருவது. 3 ஆம்பியர்தான் என்று தெரிந்ததும் பை 5 தன் யூஎஸ்பி வாய்களுக்கு மொத்தமாக 600 மில்லியாம்பியர் மட்டும் கொடுக்கும், வெளி டிஸ்க் எழாது, டிஸ்க்கை மாற்றிக்கொண்டிருப்போம்.

இந்த ஜனவரியில் ஒரு ராத்திரி 2:40-க்கு என் போன் அடித்தது. 1.8 டிகிரி. ஐந்து நிமிடத்தில் மாமா பேசினார், "மணி அடிச்சுது மாப்ளே, மோட்டார் போடப் போறேன்" என்றார், பின்னால் அத்தை டார்ச்சைத் தேடுவது கேட்டது. கோவையில் விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு கேமராவைத் திறந்தேன், டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர் சுழல்வது மட்டும் தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. வெளிச்சம் வரும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இலையெல்லாம் கண்ணாடிக்குள் வைத்தது போல ஐஸுக்குள் இருந்தன, எட்டரைக்குக் கரைந்து பச்சையாக நின்றன. த்ராட்டில் நிலை கேட்டேன், சுழியம்.

ஏப்ரலில் கோடை மழை இடியோடு தொடங்குவதற்குள் அந்தப் பத்து மீட்டர் ஒயரை மண்ணுக்குள் குழாயில் இறக்கி, மோட்டார் ரூமுக்கு எர்த் புதிதாகப் போட வேண்டும். மாமா கூடுதலாக முப்பது மீட்டர் ஒயர் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார், மேல்பாத்தியில் பீன்ஸ் போடப் போகிறாராம், அங்கேயும் ஒரு சென்சார் வேண்டும் என்கிறார்.